ஸாலே நதிக்கரையிலிருந்து ஒரு திறந்த மடல்

ஜெர்மனியின் ஹாலே நகரில் இந்தக் குளிர்காலப் பருவத்துக்கு வந்து சேர்ந்திருக்கும் தமிழ் மாணவ மாணவியருக்கு,



அக்டோபர் முதல் தேதி பருவம் தொடங்கியது முதல், டிராம் நிறுத்தத்திலும் லிப்டிலும் விடுதிச் சமையலறையிலும் என்னைக் காணும்போதெல்லாம் ‘அக்கா’ என்று உரிமையோடு அழைத்து நீங்கள் கேட்டுவரும் கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்லியே வந்திருக்கிறேன். நகராட்சியில் ‘அன்மெல்டுங்’ என்னும் குடியிருப்புப் பதிவைச் செய்துகொள்ளத் தேதி கிடைப்பது எப்படி, பிளாக்டு அக்கவுண்டில் போட்டுவைத்த 11,904 யூரோவிலிருந்து மாதந்தோறும் வரவேண்டிய 992 யூரோ எப்பொழுது கைக்கு வரும், வானொலி தொலைக்காட்சிக்கென்று வீட்டுக்கு வீடு வாங்கும் 18 யூரோ 36 சென்ட்டை மூவர் சேர்ந்து வாழும் வீட்டில் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது, காலி பாட்டிலுக்குரிய 25 சென்ட்டை எந்தக் கடையின் இயந்திரம் திருப்பித் தரும் என்பன போன்ற இக்கேள்விகள் யாவும் நியாயமானவை. அந்நிய தேசத்தில் காலூன்ற வேண்டியவர்கள் முதலில் இவற்றைத்தான் கேட்க வேண்டும். ஆனால் இவை தீர்ந்த பிறகு கேட்கவேண்டிய வேறொரு கேள்வி இருக்கிறது. அதை உங்களுள் ஒருவரும் இதுவரை கேட்கவில்லை. கடந்த ஆண்டும் அதற்கு முந்திய ஆண்டும் வந்தவர்களும் கேட்கவில்லை. நாம் வந்திருக்கும் இந்த ஊர் எத்தகையது, இதற்கும் நமக்கும் ஏதேனும் சம்பந்தம் உண்டா என்பதே அக்கேள்வி. அதற்கு விடை சொல்லும் பொருட்டே இம்மடலை எழுதுகிறேன்.

உங்களுடைய நாள் எப்படிக் கழிகிறது என்பது எனக்குத் தெரியாததன்று. நவம்பர் மாதத்தில் இங்கே சூரியன் உதிப்பதற்கு ஏழரை மணி ஆகிவிடுகிறது. நாலேகால் மணிக்கெல்லாம் அஸ்தமித்துவிடுகிறது. ஆகவே இருட்டில் எழுந்து, இருட்டோடு டிராம் ஏறி, வைன்பெர்க் வளாகத்து ஆய்வுக்கூடத்தில் புகுந்து, மென்ஸா என்னும் மாணவர் உணவகத்தில் உருளைக்கிழங்கையோ பருப்புக் கஞ்சியையோ உண்டு, மீண்டும் இருட்டில் திரும்பி வருகிறீர்கள். ஊரில் அம்மா படுக்கப் போகும் இரவு பத்து மணி இங்கே மாலை ஐந்தரை. அந்நேரத்தில் அழைப்பு வரும் என்று எதிர்பார்த்து, ஆய்வுக்கூடத்துக் கையுறையைக் கழற்றிவிட்டு வராந்தாவுக்கு ஓடிப் பேசுகிறீர்கள். பிறகு அறைக்கு வந்து, நால்வராக அல்லது அறுவராகச் சேர்ந்து சோறும் குழம்பும் சமைத்து, தமிழிலேயே பேசிச் சிரித்து உண்டபின், சிலர் படிக்கவும் சிலர் இரவு வேலைக்குப் புறப்படவும் ஆயத்தமாகிறீர்கள். லைப்ஸிக்–ஹாலே விமான நிலையத்தில் சரக்கு விமானங்கள் இரவு வேளையிலேயே மிகுதியாக இறங்குகின்றன. ஆதலால் பொதிகளைப் பிரித்து ஏற்றும் வேலையும் அந்நேரத்திலேயே நடக்கிறது. ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்யலாம் என்று சட்டம் தரும் சலுகையை, ஒரு நாளும் வீணாகாதபடி கணக்குப் பார்த்துப் பயன்படுத்துகிறவர்கள் உங்களுள் இருக்கிறார்கள். விடியற்காலையில் கண் சிவந்து, தோள் கடுத்து, கடைசி வரிசையில் அமர்ந்து தூங்கிவிழும் தம்பிமாரை நான் பார்த்திருக்கிறேன்.

இவ்வாறு உழைப்பதைக் குறை கூற எனக்கு எந்த உரிமையும் இல்லை. இந்நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகங்களிற் பெரும்பாலானவை கல்விக் கட்டணம் வாங்குவதில்லை என்பது உண்மையே. ஆயினும் வந்து சேர்வதற்கும் ஓராண்டு உயிர்வாழ்வதற்கும் வேண்டிய தொகையை, வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்தோ நகையை அடகு வைத்தோ பெற்று வந்தவர்களே நம்மில் அதிகம். 2022–23 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மனியிலுள்ள அந்நிய மாணவர்களுள் சீனரைக் கடந்து இந்தியர் முதலிடம் பெற்றனர். அடுத்த ஆண்டில் நம் தொகை 49,000-ஐயும் தாண்டிற்று. இத்தொகையைப் பார்த்துப் பெருமிதம் கொள்வாருண்டு. எனக்கோ, அத்தனை பேருக்கும் பின்னால் ஊரில் மாதத் தவணையை எண்ணிக்கொண்டிருக்கும் அத்தனை குடும்பங்களே முதலில் நினைவுக்கு வருகின்றன. ஆகையால் உழைப்பைக் குறைத்துக்கொண்டு ஊர் சுற்றுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை.

நான் சொல்ல வருவது வேறு. அறை, ஆய்வுக்கூடம், இரவு வேலை ஆகிய மூன்று இடங்களுக்குள்ளேயே படிப்பின் இரண்டாண்டுகளையும் முடித்துக்கொண்டு, பட்டமும் பெற்று, பெட்டியைக் கட்டி வேறு நகரத்துக்குப் புறப்படும் ஒருவர், ஹாலேயில் இரண்டாண்டுகள் வாழ்ந்தார் என்று சொல்ல முடியுமா? அவர் இவ்வூரின் விலாசத்தை மட்டுமே உபயோகித்தார் என்பதே என் அபிப்பிராயம். அதனால் இவ்வூருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. நஷ்டம் முழுவதும் அவருடையதே. அந்த நஷ்டம் எத்தகையது என்பதை, நான் அறிந்த இரண்டொரு விஷயங்களைக் கொண்டு விளக்குகிறேன்.

உங்களிற் பலர் குடியிருக்கும் ஹாலே–நாய்ஷ்டாட், பார்வைக்கு ஒரே அச்சில் வார்த்த கான்கிரீட் அடுக்குமாடிகளின் வரிசையாகத் தோன்றும். 1964-ஆம் ஆண்டு அஸ்திவாரமிட்டு, லோய்னா, ஷ்கோப்பாவ் ஆகிய இடங்களிலுள்ள ரஸாயனத் தொழிற்சாலைகளின் தொழிலாளருக்காகவே கட்டப்பெற்ற நகரம் இது. கிழக்கு ஜெர்மானிய அரசு இருந்த காலத்தில் இங்கே தெருக்களுக்குப் பெயர் வைக்காமல் கட்டடங்களுக்கு எண் மட்டும் கொடுத்திருந்தார்களாம். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தனியே வாழும் மூதாட்டி ஒருவர், ஷ்கோப்பாவ் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் தம் உத்தியோக காலம் முழுவதையும் கழித்தவர். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் பள்ளியில் கற்ற அந்நிய பாஷை ருஷ்ய மொழி. குப்பைத் தொட்டிகளுக்கு அருகில்தான் எங்கள் சிநேகம் உண்டாயிற்று. காகிதம் நீலத் தொட்டிக்கும், காய்கறித் தோல் பழுப்புத் தொட்டிக்கும், உறைகள் மஞ்சள் தொட்டிக்கும் போகவேண்டும் என்பதை எனக்குக் கற்பித்தவர், அத்துடன் நான் சொன்ன ஜெர்மன் வாக்கியத்தின் வேற்றுமை உருபையும் திருத்தினார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில், கடைகளெல்லாம் சட்டப்படி மூடிக்கிடக்கும் அந்த நீண்ட பிற்பகல்களில், காபி குடிக்க அழைக்கலானார்.

செயற்கை ரப்பரைப் பற்றி நான் பாடப்புத்தகத்தில் படித்திருந்ததெல்லாம் ஒரு பக்கத்துச் சமன்பாடுகள். அவரோ, மேஜைமீது சர்க்கரைக் கிண்ணத்தையும் பால் குவளையையும் நகர்த்தி நகர்த்தி, நிலக்கரியும் சுண்ணாம்பும் மின்சார உலையிலே வெந்து கால்சியம் கார்பைடு ஆவதையும், அக்கல்லின்மீது நீர் பட்டு அசிட்டிலீன் வாயு எழுவதையும், அவ்வாயு படிப்படியாக மாறிப் பியூட்டாடையீன் ஆகி முடிவில் ரப்பராகத் திரள்வதையும், அந்தந்தக் கட்டத்தின் நாற்றத்தோடு வருணித்தார். நம் ஊரில் மாங்காயைத் திருட்டுத்தனமாகப் பழுக்க வைக்கிறார்களே, அந்தக் கார்பைடு கல்தான்! எண்ணெய் வளம் போதாத தேசம் கல்லிலிருந்து டயர் செய்த கதை அது. உலைகளிலிருந்து எழுந்த வெண்சாம்பல் நிறத் தூசி கூரைகளிலும் ஜன்னல்களிலும் படிந்து, கொடியில் உலர்த்திய துணியை மீண்டும் துவைக்கும்படி செய்ததையும், காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்று பார்த்தே பெண்கள் சலவைக்கு நாள் குறித்ததையும் அவர் சொன்னபோது, ஒரு தொழில்நுட்பத்தின் விலை என்ன, அதை யார் கொடுக்கிறார்கள் என்பதை எந்த விரிவுரையும் எனக்கு அவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை என்று உணர்ந்தேன். அத்தொழிற்சாலைகளில் யுத்த காலத்தில் அந்நிய நாட்டவரைப் பலவந்தமாகக் கொண்டுவந்து உழைக்கச் செய்த கொடுமையையும் அவர் மறைக்கவில்லை. தம் தகப்பனார் அதைப் பற்றிக் கடைசிவரை வாய் திறக்கவில்லை என்று மட்டும் சொல்லி, சிறிது நேரம் பேசாதிருந்தார்.

இவ்வளவும் ஜெர்மன் மொழியில் நடந்தது. ‘நம் படிப்பு ஆங்கிலத்தில்தானே, ஜெர்மன் எதற்கு?’ என்று நீங்கள் கேட்கிறீர்கள். வேலைக்கு எதற்கு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. லோய்னாவிலும் ஷ்கோப்பாவிலும் இன்றும் இயங்கும் தொழிற்சாலைகளின் விளம்பரங்களைப் படித்துப் பார்த்தாலே விளங்கும். நான் சொல்லும் காரணம் அதற்கு முந்தியது. ஒரு தேசத்தின் அறிவு அதன் பேராசிரியர்களிடம் மட்டும் இருப்பதில்லை. கருவியைப் பழுதுபார்க்கும் தொழில்நுட்பரிடமும், கண்ணாடிக் குழாயை ஊதி வளைப்பவரிடமும், ஓய்வுபெற்ற கிழவியிடமும் இருக்கிறது. அவர்களுக்கு ஆங்கிலம் வராது, அல்லது வர விருப்பமில்லை. பல்கலைக்கழகம் நடத்தும் மொழி வகுப்பு மாலையில் நடக்கிறது. அங்கே நம்மவர் இருக்கைகள் பருவத்தின் மூன்றாவது வாரத்திலேயே காலியாகிவிடுகின்றன என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

நம் துறையாகிய பாலிமர் ரஸாயனத்தின் சரித்திரமும் இங்கேதான் கிடக்கிறது. ரப்பர் முதலிய பொருள்கள் சிறு மூலக்கூறுகளின் கூட்டமல்ல, ஒன்றோடொன்று பிணைந்த நெடிய சங்கிலிகளே என்று 1920-இல் எழுதி, அக்காலத்து ரஸாயன பண்டிதர்களின் கடும் எதிர்ப்பைப் பல்லாண்டுகள் தாங்கி, 1953-இல் நோபல் பரிசு பெற்ற ஹெர்மன் ஷ்டௌடிங்கர் 1903-இல் டாக்டர் பட்டம் பெற்றது இந்தப் பல்கலைக்கழகத்தில். பாலிஎதிலீனை எளிதாக உண்டாக்கும் ஊக்கிகளைக் கண்டறிந்த கார்ல் ஸீக்ளர், அக்கண்டுபிடிப்புக்கு முன் 1936 முதல் சில ஆண்டுகள் இங்குள்ள ரஸாயன நிலையத்தின் தலைவராக இருந்தவர். கணிதத்தை எடுத்துக்கொண்டால், முடிவிலிகளுக்குள்ளும் பெரிது சிறிது உண்டு என்று நிறுவிய கேயார்க் கான்டோர் 1869-இல் இங்கே கற்பிக்க வந்து, 1918-இல் இங்கேயே இறந்தார். தங்கைமார்களுக்கு மற்றொன்றும் சொல்கிறேன்: ஜெர்மானிய தேசத்தில் மருத்துவத்தில் டாக்டர் பட்டம் பெற்ற முதற்பெண்மணியாகிய டோரொத்தேயா எர்க்ஸ்லேபன் அதைப் பெற்றது 1754-இல், இதே ஹாலேயில். ஹேண்டெல் பிறந்த வீட்டையும், வானத்தின் சந்திர நட்சத்திரங்களைப் பொன்னால் பதித்த, ஏறக்குறைய மூவாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முந்திய நேப்ராவின் வெண்கலத் தட்டையும் பற்றி இங்கே விரிக்கவில்லை. அவற்றை வழிகாட்டிப் புத்தகமே சொல்லும்.

வழிகாட்டிப் புத்தகம் போதிய அளவு சொல்லாததும், தமிழர் என்ற முறையில் நாம் அறிந்தே தீரவேண்டியதுமான இடம் ஒன்றுண்டு. டிராமில் நீங்கள் நித்தியம் கடந்துபோகும் ஃபிராங்கே பிளாட்ஸ் நிறுத்தத்தில் இறங்கினால், எதிரே உயர்ந்து நிற்கும் மஞ்சள் நிறக் கட்டடமும் அதன் பின்னே நீண்டு செல்லும் மரச்சட்ட மாளிகையும் ஃபிராங்கே ஸ்தாபனத்தைச் சேர்ந்தவை. அவுகுஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே என்னும் பாதிரியார், ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கி, 1698-இல் அநாதை இல்லத்துக்கு அஸ்திவாரமிட்டு, பிறகு அச்சகமும் மருந்துச்சாலையும் புத்தகசாலையுமாக அதைப் பெருக்கினார். இந்நகரில் படித்து, அவருடைய கொள்கையில் ஊறிய பார்த்தலோமேயு சீகன்பால்கு, டென்மார்க் அரசரின் ஏற்பாட்டில் கப்பலேறி, ஹைன்ரிக் புளூட்சௌ என்பவரோடு 1706-ஆம் ஆண்டு ஜூலை மாதம் தரங்கம்பாடியில் வந்திறங்கியபோது அவருக்கு வயது ஏறக்குறைய இருபத்து நான்கு. உங்களிற் பெரும்பாலோரின் வயதும் அதுவே.

அவர் நம்முடைய மதத்தை மாற்றுவதற்காக வந்தவர் என்பதையும், நம்முடைய வழிபாட்டைப் பற்றிக் கடுமையாக எழுதியவர் என்பதையும் நான் மறக்கவில்லை. அந்த நோக்கத்தைப் பற்றி நம்முள் ஒவ்வொருவரும் தத்தம் கருத்தைக் கொண்டிருக்கலாம். ஆனால் வந்த ஊரை அறிய அவர் செய்த பிரயத்தனம் வேறு விஷயம். திண்ணைப்பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார் என்பார்கள். ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்து, இரண்டே ஆண்டுகளில், 1708-இல், தம்மிடமுள்ள தமிழ் நூல்களுக்கெல்லாம் குறிப்போடு கூடிய ஒரு ஜாபிதாவையும் எழுதினார். அதே ஆண்டில், நாம் பாலப்பருவத்தில் மனப்பாடம் செய்த கொன்றை வேந்தனையும் உலக நீதியையும், அவற்றோடு நீதிவெண்பாவையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். தமிழ்நாட்டுத் தெய்வங்களைப் பற்றி, தமிழ் அறிஞரிடம் கேட்டும் கடிதம் எழுதி விசாரித்தும் 1713-இல் அவர் எழுதிய பெருநூல் ஹாலேக்கு வந்து சேர்ந்தது. வந்தும் அச்சேறாமல் கிடந்து, 1867-இல்தான் சென்னையில் வெளியாயிற்று. அவரை அனுப்பியவர்களுக்கு வேண்டியதைக் காட்டிலும் அதிகமாக அவர் தெரிந்துகொண்டுவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அச்சுக்கு வேண்டிய தமிழ் எழுத்துக்களை, தமிழ்நாட்டைக் கண்ணாலும் கண்டிராத கைவினைஞர்கள் இந்த ஹாலே நகரத்திலே வெட்டி வார்த்து, கப்பலில் தரங்கம்பாடிக்கு அனுப்பினார்கள். இதற்கு ஒன்றேகால் நூற்றாண்டுக்கும் முன்பே போர்ச்சுகீசியப் பாதிரிமார் கொல்லத்தில் தமிழ் நூல் அச்சிட்டிருந்தனர். எனவே இவை முதல் தமிழ் அச்செழுத்துக்கள் அல்ல. ஆயினும் அறுந்துபோன அத்தொழிலைத் தமிழ்க் கடற்கரையில் மீண்டும் தொடங்கி வைத்தவை இவையே. எழுத்துக்கள் அளவுக்கு மீறிப் பெரியனவாயிருந்து காகிதத்தை விழுங்கியதால், தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்களை வார்த்துக்கொண்டு 1715-இல் புதிய ஏற்பாட்டை முடித்தார்கள். அடுத்த ஆண்டு, சீகன்பால்கு லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் ஹாலேயில் அச்சாயிற்று. அச்சமயத்தில் அவர் மேற்கொண்டிருந்த ஐரோப்பியப் பிரயாணத்தில் அவருடன் மலையப்பன் என்னும் தமிழ் இளைஞர் ஒருவரும் வந்திருந்தார். ஜெர்மனிக்குத் தமிழர் வந்த கதை இங்கே படிக்க வருவதற்காக நாம் பெறும் ஏ.பி.எஸ். சான்றிதழோடு தொடங்கியதன்று என்பதை இதனால் அறிவீர்கள்.

அந்த ஸ்தாபனத்தின் சுவடிச்சாலையில் தமிழ் ஓலைகள் இன்றும் காப்பாற்றப்பட்டு வருகின்றன. உருகிய பாலிமர்கள் குளிரும்போது எவ்வாறு படிகமாகின்றன என்பதை, வெப்ப மாற்றத்தைக் காட்டும் டி.எஸ்.சி. கருவியில் அளந்து எழுதுவதே என் ஆய்வு. அதற்கு இடையில், அநுமதி பெற்று, வார நாட்களில் நேரம் கிடைத்தபோதெல்லாம் அங்கே போய் அமர்வதே இப்பொழுது என் பெருவிருப்பமாகியிருக்கிறது. பையையும் மேலங்கியையும் வெளியே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, பென்சில் ஒன்றும் தாள் ஒன்றும் மட்டும் கொண்டு உள்ளே செல்ல வேண்டும். மென்மையான தாங்கியின்மேல் ஓலையை வைப்பார்கள். ஒரு சாண் நீளத்துக்குச் சிறிது அதிகமான அந்த ஓலையில், நூல் கோத்த துளையைச் சுற்றி வட்டமாக இடம் விட்டு, எழுத்தாணியால் கீறிய வரிகள் இடைவெளியின்றி ஓடுகின்றன. மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேற்றுமை இல்லை. சொல் எங்கே முடிகிறது என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை. அகரமா மெய்யா என்று ஒவ்வோர் எழுத்தையும் சந்தேகித்து, முதல் வரியைக் கடப்பதற்குள் காலைப் பொழுது போய்விட்டது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது கீறலின் ஓரத்தில் நார்கள் சிலும்பி நிற்பதும், கீறலுக்குள்ளே மை படிந்திருப்பதும் தெரிந்தன. எழுத்தாணி பிடித்த கை, வரியின் இறுதியில் இடம் போதாமல் எழுத்துக்களை நெருக்கி எழுதியிருந்தது.

ரஸாயனம் படிக்கும் எனக்கு அந்த ஓலை மற்றொரு வகையிலும் பாடமாயிற்று. பனையோலையும், செல்லுலோஸும் லிக்னினும் சேர்ந்த பாலிமர்ப் பொருள்தானே! ஈரமும் வெப்பமும் காற்றும் சேர்ந்து செல்லுலோஸ் சங்கிலிகளை மெல்ல மெல்ல அறுக்கின்றன. கறையானும் பூச்சியும் மிச்சத்தை முடிக்கின்றன. நம் நாட்டில் ஓலைகளைச் சில தலைமுறைகளுக்கு ஒருமுறை பெயர்த்தெழுதி வந்ததற்கு அதுவே காரணம். இங்குள்ள குளிரிலும் உலர்ந்த காற்றிலும் அந்தச் சிதைவு தாமதப்பட்டு, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் காவிரிக்கரையில் எவரோ ஒரு கணக்கப்பிள்ளையோ உபாத்தியாயரோ கீறிய எழுத்து, என் கண்ணெதிரே படிக்கக்கூடியதாய் நிற்கிறது. நாம் ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக மூப்படையச் செய்து அளக்கும் அதே வினை, இங்கே தன் இயல்பான கதியில் நடந்துகொண்டிருக்கிறது. சுவடிகளைக் காப்பாற்றும் ரஸாயனத்தைப் பற்றி நம் துறைக்கும் அந்தச் சுவடிச்சாலைக்கும் இடையே ஏதேனும் கூட்டு ஆராய்ச்சி செய்யக்கூடாதா என்று என் பேராசிரியரிடம் கேட்டிருக்கிறேன். அவர் மறுக்கவில்லை. தமிழ் படிக்கத் தெரிந்த பாலிமர் மாணவர்கள் இந்நகரில் இத்தனை பேர் இருக்கிறீர்கள்; இந்தச் சேர்க்கை வேறெந்த ஊரில் கிடைக்கும்?

இவ்வளவும் சொல்லிவிட்டு, உங்கள் பெற்றோர் தொலைபேசியில் அச்சத்தோடு கேட்கும் விஷயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமலிருப்பது நேர்மையாகாது. 2019-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் தேதி, யூதர்களின் புண்ணிய தினத்தன்று, வெறுப்பு தலைக்கேறிய ஒருவன் துப்பாக்கியோடு இந்நகரத்து யூத ஆலயத்தில் நுழைய முயன்றான். ஆலயத்தின் மரக்கதவு அவனுக்குத் திறக்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். தெருவில் சென்ற ஒரு பெண்மணியையும், அருகிலிருந்த கபாப் கடையில் உணவருந்திக்கொண்டிருந்த ஓர் இளைஞரையும் அவன் கொன்றான். குண்டு துளைத்த அந்தக் கதவு இப்பொழுது ஆலய முற்றத்தில் நினைவுச் சின்னமாக நிற்கிறது. நம்மிற் சிலருக்கும் டிராமில் கடுஞ்சொல் கிடைத்திருக்கிறது. இரவில் தனியே வரும்போது தெருவின் மறுபக்கத்துக்கு மாறி நடக்கும் தங்கைமாரின் எச்சரிக்கை வீண் பயமன்று. இவற்றை மறைத்து, இவ்வூர் ஒரு சுவர்க்கம் என்று எழுத என் மனம் ஒப்பாது. அதேசமயம், ஒவ்வோர் ஆண்டும் அந்நாளில் அந்த ஆலயத்தின் முன்னும் கடையின் முன்னும் மலரோடு வந்து நிற்கும் நகரத்தாரையும் நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். கீழ்த்தளத்து மூதாட்டி கைத்தடியோடு டிராம் ஏறி அங்கே வந்திருந்தார். யாரை நம்பலாம், எந்தத் தெருவில் எந்நேரம் நடக்கலாம், கடுஞ்சொல் கேட்டால் யாரிடம் முறையிடலாம் என்பதையெல்லாம், இவ்வூராரோடு பழகியவர்களே அறிவார்கள். அறைக்குள் அடைந்து கிடப்பவரை அந்த அறை ஒருநாளும் காப்பாற்றாது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஃபிராங்கே பிளாட்ஸ் நிறுத்தத்தில் நான் நிற்பேன். அநாதை இல்லத்தின் உச்சி மாடத்தில், பதினெட்டாம் நூற்றாண்டில் செய்த வர்ண அலமாரிகளில், உலகின் பல பாகங்களிலிருந்தும் வந்த விந்தைப் பொருள்களோடு நம் கடற்கரையிலிருந்து அனுப்பியவையும் இருக்கின்றன; முதலில் அவற்றைப் பார்ப்போம். மாணவர் அட்டையை மறவாதீர்கள், கட்டணம் குறையும். வெள்ளி இரவு வேலைக்குப் போகிறவர்கள் தூங்கி எழுந்து பிற்பகலில் வந்தாலும் பாதகமில்லை. மீண்டும் ஒருமுறை மாடியேற எனக்குச் சிரமம் ஒன்றுமில்லை. சுவடிச்சாலை சனிக்கிழமை திறவாது. ஓலையைப் பார்க்க விரும்புகிறவர்கள் அன்றே பெயர் கொடுத்தால், ஒரு வார நாளில் இருவர் மூவராக அநுமதி பெற்று அழைத்துச் செல்கிறேன். உங்களுள் எவருக்கேனும் தாத்தா பாட்டியிடமிருந்து பழைய சுவடி படிக்கும் பழக்கம் வந்திருந்தால் கட்டாயம் தெரிவியுங்கள், ஏனெனில் இரண்டாம் வரியில் ஓரிடம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அதற்கு முன்னதாக, செவ்வாய்க்கிழமை மாலை மொழி வகுப்பில் உங்கள் இருக்கைகள் நிரம்பியிருக்கக் கண்டால் மிகவும் மகிழ்வேன்.

அன்புடன்,
மூன்றாம் மாடியிலிருக்கும்
உங்கள் அக்கா